மானின் முகத்தில் கரும் கட்டிகள்: அஞ்ச வேண்டுமா?

தோட்டக்காரி:
வணக்கம். நாங்கள் பென்சில்வேனியாவில் காட்டை ஒட்டிய குடியிருப்பில் வசிக்கிறோம். மாலையில் மேய வரும் வெள்ளைவால் மான்களுள் இளம் ஆண் மான் ஒன்றின் கண்ணருகிலும் கழுத்திலும் மயிரற்ற கரிய கட்டிகள் தொங்குகின்றன. ஊரில் மாடுகளுக்கு வந்த தோல் கழலை நோயை நேரில் கண்டிருப்பதால் அச்சமாக இருக்கிறது. இது குழந்தைகளுக்கோ நாய்க்கோ தொற்றுமா? மானுக்குச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு செய்யலாமா? பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைப் பருவத்தில் தரும் மான் இறைச்சியை உண்ணலாமா என்ற ஐயமும் எழுந்துள்ளது.

கால்நடை மருத்துவர்:
நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் ஃபைப்ரோமா எனப்படும் தோல் மருவாகவே இருக்கும். மான்களுக்குரிய ஒருவகைப் பாப்பிலோமா வைரஸ், கடிக்கும் பூச்சிகள் வழியாகவோ, தோலில் ஏற்பட்ட கீறல்கள் வழியாகவோ உட்புகுந்து இதை உண்டாக்குகிறது. கட்டிகள் தோலோடு நின்றுவிடும்; தசைக்குள் இறங்குவதில்லை. இளம் மான்களிடமே இவை மிகுதி. நோய் எதிர்ப்பாற்றல் உருவானதும் பெரும்பாலானவை தாமாகவே சுருங்கி மறையும். மனிதர்க்கோ நாய்க்கோ இது தொற்றாது. தோல் கழலை நோய் மாடுகளைத் தாக்கும் முற்றிலும் வேறொரு வைரஸால் வருவது. அமெரிக்காவில் அது பதிவானதில்லை.

சிகிச்சை என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். துரத்திப் பிடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியே காட்டு மானின் உயிரைப் பறிக்கக்கூடும். மருவோ உயிருக்கு ஆபத்தானதாவது அரிது. கட்டிகள் இரு கண்களையும் மறைத்தாலோ, வாயை அடைத்து மேயவிடாமல் செய்தாலோ, உடைந்து சீழ் பிடித்து மான் மெலிந்தாலோ, புகைப்படத்துடனும் இடக்குறிப்புடனும் மாநில வனவிலங்குத் துறையான பென்சில்வேனியா கேம் கமிஷனுக்குத் தெரிவியுங்கள். இரக்கப்பட்டுத் தீவனம் மட்டும் வைக்காதீர்கள். மான்கள் ஓரிடத்தில் நெருங்கி உண்பதால் இதைவிடக் கொடிய நோய்களும் பரவும்.

ஒஹாயோவாசி:
இறைச்சியைப் பற்றி நான் சொல்கிறேன். தோலை உரிக்கும்போது மருக்களும் அதனுடனேயே வந்துவிடும். எனவே உண்பதற்குத் தடையில்லை. ஆனால் அழுத்தினால் குழைந்து, வெட்டினால் சீழும் நாற்றமும் வரும் வீக்கம் மருவன்று, சீழ்க்கட்டி. அது உடலில் பரவிய தொற்றாக இருக்கலாம் என்பதால் நான் அத்தகைய மானை உண்ண மாட்டேன். மூக்கும் மேலுதடும் மொத்தமாக வீங்கியிருந்தால் அதுவும் பாக்டீரியாத் தொற்றின் அறிகுறி. காதோரம் சாம்பல் நிறத்தில் கொத்தாகத் தெரிபவை பல நேரங்களில் இரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகளே. உங்கள் மாநிலத்தில் 2012 முதல் காணப்படும் மான்களின் நாட்பட்ட மெலிவு நோயில் கட்டிகள் தோன்றுவதில்லை. மெலிதல், வாய்நீர் ஒழுகுதல், தள்ளாட்டம் ஆகியவையே அதன் அடையாளங்கள். நோய் முற்றும்வரை மான் நலமாகவே தோன்றக்கூடும் என்பதால், அந்நோய் உள்ள பகுதியில் வேட்டையாடிய மானாக இருந்தால், பரிசோதனை முடிவு வந்தபின் சமைப்பதே நல்லது.

குன்னூரான்:
இதனோடு தொடர்புடைய ஒரு செய்தி. நீலகிரிப் பக்கம் கடமானின் கழுத்தின் அடிப்புறத்தில் மயிர் உதிர்ந்து இரத்தம் கசிவதுபோன்ற சிவந்த திட்டு தெரிவதுண்டு. காயம் என்று எண்ணிச் சுற்றுலாப் பயணிகள் பதறுவார்கள். அது நோயன்று, இனப்பெருக்கக் காலத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு சுரப்பிப் பகுதி. அங்கும் அருகில் செல்லாமல் படம் எடுத்து வனத்துறையினரிடம் காட்டினால் போதும்.