எல்லாம் மூளைதான்னா, "மழைன்னு நெனச்சாங்க"ங்கறது காரணமா ஆகுமா?

தோட்டத்துப்புள்ள:
வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். மலேசியா, சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன், டிகிரில சைக்காலஜி. எங்க பாட்டி பால்மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையக் கீறி பால் எடுத்தவங்க. விடியக்காலைல தகரத்துல மழை சத்தம் கேட்டா எந்திரிக்கவே மாட்டாங்க, பட்டை நனைஞ்சா பால் வெட்டுன கோட்டுல ஓடாம வழிஞ்சி வீணாப் போயிரும், அன்னிக்கு வெட்டு கெடையாது. ஏன் எந்திரிக்கலன்னு கேட்டா "மழைன்னு நெனச்சாங்க"ன்னு சைக்காலஜி சொல்லும். ஆனா பிசிகலிசப்படி, அதாவது இருக்குறது எல்லாமே பௌதிகப் பொருள்தான்ங்கற கொள்கைப்படி, நியூரான் நியூரானத் தூண்டுது, தசை அசையுது இல்ல அசையாம இருக்கு, அவ்ளோதான். மழை வெளியதான இருக்கு, அது மண்டைக்குள்ள எப்டி வேலை செய்யும்? ரொம்ப நாளா குடையுதுலா.

பழைய வாத்தியார்:
சரியான எடத்துல கை வச்சிருக்கம்மா. தத்துவவாதி ஹிலரி புட்னம் 1975ல ஒரு கற்பனை சொன்னாரு, அச்சு அசலா நம்ம பூமி மாதிரி இன்னொண்ணு, ஆனா அங்க ஆத்துலயும் மழையிலயும் வர்றது தண்ணி மாதிரியே இருக்குற வேற கெமிக்கல். அங்க இருக்குற ஆளு "தண்ணி"ன்னு சொன்னா அது நம்ம தண்ணிய குறிக்காது. இன்னொரு தத்துவவாதி டைலர் பர்ஜ் 1979ல இத எண்ணங்களுக்கே கொண்டு போனாரு, ஆர்த்ரைட்டிஸ்ங்கற நோய வச்சி. மண்டைக்குள்ள ஒரே மாதிரி இருந்தும் எண்ணம் வேறன்னா, ஒடம்ப அசைக்கிறதுல அந்த எண்ணத்தோட பொருளுக்கு என்ன பங்கு? அதனாலதான் தத்துவவாதி ஜெரி ஃபோடோர் இந்த ரெண்டு பூமி ஆளுங்களுக்கும் பொதுவா உள்ளுக்குள்ளயே இருக்குற ஒரு கன்டென்ட்ட, அதாவது எண்ணத்தோட பொருள, தேடுனாரு.

செம்பனைக்காடு:
தத்துவவாதி பால் சர்ச்லாண்ட் 1981லயே சொல்லிட்டாரு சார், நம்பிக்கை ஆசைன்னு பேசுறதே பழைய தியரி, மூளை சயின்ஸ் வளர்ந்தா போயிரும்னு. பாட்டி மூளைய மட்டும் பாருங்க, போதும்.

லயத்து அக்கா:
போதாது தம்பி. மூளைய மட்டும் பாத்தா அந்த சிக்னல் வந்ததும் பாட்டி படுத்துட்டாங்கன்னு தெரியும். வேற எதோடயும் சேராம அந்த சிக்னல் ஏன் படுக்கையோட போயி சேந்துச்சு? தத்துவவாதி ஃப்ரெட் ட்ரெட்ஸ்கி 1988ல இதத்தான் பிரிச்சாரு, இப்ப தூண்டி விட்டது ஒரு காரணம், அந்த இணைப்ப உருவாக்குனது வேற காரணம். வருசக்கணக்கா அந்த சிக்னல் மழையக் காட்டுச்சு, மழைன்னா வெட்டு இல்லன்னு அனுபவத்துல படிஞ்சிச்சு, அதனாலதான் அந்த ஒயரிங்கே அப்டி ஆச்சு. பொருள் வேலை செய்யிற எடம் அதுதான், இதுல பிசிகலிசத்துக்கு வெளிய எதுவுமே இல்ல.

தோட்டத்துப்புள்ள:
அக்கா, இப்ப பாட்டி டவுன்ல தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்ல இருக்காங்க, வெட்ட மரமே இல்ல, மழைன்னா இன்னமும் எந்திரிக்க மாட்டாங்க. அது அந்த பழைய இணைப்புதானா?

லயத்து அக்கா:
அதேதான் தங்கச்சி. இன்னிக்கு இருக்குற சூழல மட்டும் வச்சி அத வெளக்கவே முடியாது பாரு.

பழைய வாத்தியார்:
ஆனா இதுக்கு ஒரு வெலை இருக்கு. தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் 1987ல கற்பனையா சொன்ன மாதிரி சதுப்புல இடி விழுந்து தற்செயலா அச்சு அசலா நம்மள மாதிரியே ஒரு ஆளு உருவானா, அவனுக்கு வரலாறே இல்ல, அப்ப எண்ணமும் இல்லன்னு ஆயிருமே?

லயத்து அக்கா:
ஆமா சார், இல்லன்னுதான் நான் சொல்வேன். கத்துக்கிட்டதுக்கு அப்றம்தான் அவனுக்கும் வரும்.