இசட்50-ல பழைய 50எம்எம் போகஸ் ஆகல, அடாப்டர் போச்சா? (அவசரம்)

குட்டிக்கேமரா:
வணக்கம். பெரிய கேமராவைத் தூக்கிட்டு அலைய முடியாம, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிட்டேன். நிக்கான் இசட்50, செகண்ட் ஹேண்ட். பழைய லென்ஸ் எல்லாம் போடலாம்னு சொன்னதால அடாப்டரும் சேர்த்து வாங்கியாச்சு. 50எம்எம் மாட்டினா போகஸ் ஆகவே மாட்டேங்குது. பட்டனைப் பாதி அமுக்கினா ஒரு சத்தமும் இல்ல. நேத்து வரைக்கும் பழைய கேமராவுல நல்லா ஓடின லென்ஸ். அடாப்டர் பழுதா? திருப்பிக் கொடுக்க நாளைக்குத்தான் கடைசி நாள். ஞாயித்துக்கிழமை வளைகாப்பு வேற எடுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

பொன்னேரி_கிளிக்:
எந்த 50எம்எம்? எந்தப் பழைய கேமரா? அடாப்டர் நிக்கானோட எஃப்டிஇசட்டா, இல்ல மின் காண்டாக்ட் இல்லாத வெறும் வளையமா? திரையில எஃப் நம்பர் (லென்ஸ் துவாரத்தோட அளவு) வருதா, இல்ல எஃப் பக்கத்துல ரெண்டு கோடு மட்டும் நிக்குதா? இந்த நாலையும் சொல்லுங்க ப்ரோ.

லென்ஸ்துடைப்பான்:
பத்துல எட்டு காண்டாக்ட் அழுக்குதான். பென்சில் அழிக்கிற ரப்பரால லென்ஸ் பின்னாடி இருக்கிற தங்க நிறப் புள்ளிகளை நாலு தேய் தேய்ங்க. உடனே சரியாகும்.

நிறைகுடம்:
ரப்பரா! அந்தத் தூள் எங்கே விழும்னு யோசிச்சீங்களா? இசட்50-ல லென்ஸைக் கழட்டின உடனே சென்சார் திறந்தபடி நிக்கும், முன்னால மறைக்க கண்ணாடி கிடையாது. நிக்கான் டி7200 மாதிரி பெரிய கேமராவுல இருக்கிற, சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் பண்ற வசதியும் இதுல இல்ல. காண்டாக்ட் துடைக்கணும்னா நூல் உதிராத துணியில ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதுவும் லென்ஸ் பக்கம் மட்டும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: மேனுவல்னு ஒண்ணு இருக்கு. எந்த லென்ஸ் எந்த அளவுக்கு ஒத்துப்போகும்னு அதுல அட்டவணையே போட்டிருக்கான். அதைப் பார்த்திருந்தா இந்த இழையே தேவையில்ல.

யாழ்_ஒளி:
அண்ணை, அடாப்டரைப் பூட்டி வச்சுக்கொண்டு செட்டப் மெனுவில ஃபெர்ம்வேர் (உள்ளுக்கு ஓடுற மென்பொருள்) எந்தப் பதிப்பு எண்டு பாருங்கோ. கேமராவுக்கும் அடாப்டருக்கும் தனித்தனியா அப்டேட் இருக்கு. பழைய பதிப்பெண்டா முதல்ல அதை ஏத்துங்கோ.

குட்டிக்கேமரா:
பழசு டி7200. லென்ஸ் நிக்கான் 50 1.8. அடாப்டர்லயும் நிக்கான்னுதான் போட்டிருக்கு, அடியில டிரைபாட் கால் மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கு. எஃப் நம்பர் வருது. படமும் விழுது, ஆனா மசமசன்னு.

பொன்னேரி_கிளிக்:
கால் நீட்டிட்டு இருந்தா முதல் எஃப்டிஇசட், 2018-ல வந்தது. எஃப் நம்பர் வந்து படமும் விழுதுன்னா காண்டாக்ட் வேலை செய்யுதுன்னு அர்த்தம், ரப்பர் கதையை விட்டுடலாம். ஆனா "50 1.8"-ல பாதிதான் சொல்லியிருக்கீங்க. 1.8-க்குப் பின்னாடி என்ன எழுத்து? டி-யா, ஜி-யா?

எழுத்து அழிஞ்சிருந்தா இப்படிப் பாருங்க. லென்ஸ் உடம்புல 1.8, 2.8, 4 என்று 22 வரைக்கும் எண் போட்ட அப்பர்ச்சர் (ஒளி வர்ற துவாரம்) வளையம் இருந்தா டி. அந்த வளையமே இல்லன்னா ஜி. இன்னொரு அடையாளம்: லென்ஸைக் கழட்டி பின்பக்க உலோக மவுன்ட்டைப் பாருங்க. திருகாணித் தலை மாதிரி வெட்டு விழுந்த சின்ன முனை ஒண்ணு இருந்தா டி.

கோவை_ஷட்டர்:
டி-யாத்தான் இருக்கும்ங்க. அப்படின்னா எதுவுமே பழுது இல்லீங்க. ஏஎஃப் 50எம்எம் எஃப்/1.8டி லென்ஸுக்குள்ள போகஸ் மோட்டாரே கிடையாது. மோட்டார் இருந்தது உங்க டி7200 உடம்புல. மவுன்ட் ஓரத்துல சின்ன உலோக முனை ஒண்ணு துருத்திட்டு இருக்கும் பாருங்க, அது லென்ஸோட திருகாணி வெட்டுல போய் உக்காந்து திருகும். அந்த 'கர்ர்' சத்தம் அங்கிருந்து வந்ததுதான்.

இசட்50-ல அந்த முனையும் இல்ல, அடாப்டர்லயும் இல்ல. அடாப்டருக்குள்ள அப்பர்ச்சர் நெம்புகோலை ஆட்டுற பொறி மட்டும்தான் இருக்கு. அதனாலதான் எஃப் நம்பரை மாத்த முடியுது, போகஸ் மட்டும் நடக்கறதில்ல. 2021-ல வந்த எஃப்டிஇசட் 2-லயும் இதே கதைதான்ங்க, அந்தக் காலை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். அடாப்டரைத் திருப்பிக் கொடுத்து வேற வாங்கினாலும் ஒண்ணும் மாறாது. ஃபெர்ம்வேர் ஏத்தினா மோட்டார் முளைக்குமாங்க?

யாழ்_ஒளி:
சரி, டி எண்டா அப்டேட்டால பிரியோசனம் இல்லைத்தான். நான் மோட்டார் உள்ளுக்கையே இருக்கிற ஏஎஃப்-எஸ் லென்ஸ் எண்டு நினைச்சிட்டன்.

மொழிக்காவலன்:
இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். எல்லோரும் "மிரர்லெஸ்" "மிரர்லெஸ்" என்கிறீர்கள். "ஆடியிலி" என்று அழகாகச் சொல்லலாமே?

லென்ஸ்துடைப்பான்:
ஆடியிலியா? ஆடித் தள்ளுபடியில வாங்க மறந்துட்ட கேமரா மாதிரி இருக்கு.

மொழிக்காவலன்:
ஆடி என்றால் கண்ணாடி. குழி ஆடி, குவி ஆடி என்று பள்ளியில் படித்தவர்தானே நீங்களும்? பழைய கேமராவின் வியூஃபைண்டரில் இருக்கும் பென்டாபிரிசத்தையும் ஐங்கோணப் பட்டகம் எனலாம்.

யாழ்_ஒளி:
நாங்கள் பட்டகம் எண்டு படிக்கேல்ல, அரியம் எண்டுதான் படிச்சனாங்கள். எந்தத் தமிழை வைக்கிறது எண்டு முதல்ல முடிவெடுங்கோ.

நிறைகுடம்:
பெயர் எதுவா இருந்தாலும், அந்த ஆடி போனதுதான் விஷயமே. ஆடி மேலயும் கீழயும் ஆட இடம் வேணும், அதனால நிக்கானோட எஃப் மவுன்ட்ல லென்ஸ் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில 46.5 மில்லிமீட்டர். 1959-ல இருந்து இதே அளவு. 2018-ல வந்த இசட் மவுன்ட்ல வெறும் 16. மிச்சம் 30.5 மில்லிமீட்டரை நிரப்புறதுதான் அடாப்டர் வேலை. அடாப்டருக்குள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, அதனால படத்தோட தரம் குறையாது. இதையும் யாராவது கேட்பீங்கன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

பொன்னேரி_கிளிக்:
இழைக்கு வருவோம். குட்டிக்கேமரா ப்ரோ, வேற என்ன லென்ஸ் இருக்கு? ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று போட்டிருந்தா மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கு, எஃப்டிஇசட்ல போகஸ் ஆகும். டாம்ரான், சிக்மா லென்ஸ் வச்சிருந்தா கையில போட்டுப் பார்த்துத்தான் சொல்லணும், சிலதுக்கு லென்ஸ் பக்கமே ஃபெர்ம்வேர் மாத்த வேண்டிவரும்.

டி லென்ஸைத் தூக்கிப் போடாதீங்க, கையால போகஸ் பண்ணலாம். முதல்ல அப்பர்ச்சர் வளையத்தை 22-க்குத் திருப்பி, பக்கத்துல இருக்கிற சின்னப் பூட்டைத் தள்ளிப் பூட்டிடுங்க, அப்புறம் எஃப் நம்பரை கேமரா டயல்ல மாத்துங்க. கஸ்டம் செட்டிங்ல பீக்கிங் ஹைலைட்ஸ் (போகஸ் ஆன விளிம்புல நிறக்கோடு காட்டும்) ஆன் பண்ணுங்க. அளவை 3-ல வச்சா போகஸ் ஆகாத இடமும் மினுங்கி ஏமாத்தும், 1-ல வைங்க. நிறம் சிவப்பு வேண்டாம், வளைகாப்புல பாதிப் பேர் அரக்குப் பட்டுலதான் வருவாங்க, கோடு தெரியாது. நீலமோ வெள்ளையோ வைங்க. முன்பக்கம் இருக்கிற எஃப்என்1 பட்டனுக்கு 100 சதவீத ஜூம் கொடுத்துடுங்க. எஃப்/1.8-ல ஆளை எடுக்கும்போது ஜூம் பண்ணிக் கண்ணிமையைப் பார்க்காம எடுத்தா, போகஸ் மூக்கு நுனியில போய் நிக்கும்.

எடைக்கணக்கு:
எனக்கு ஒண்ணு புரியல. சின்னதா வேணும்னுதானே மாறினது? டி7200 பேட்டரி, கார்டோட 765 கிராம், அதுமேல இந்த 50 ஒரு 155, மொத்தம் 920. இசட்50 450, அடாப்டர் 135, லென்ஸ் 155, மொத்தம் 740. போகஸையும் இழந்து 180 கிராம் மிச்சம் பிடிக்கிறதுக்கா இவ்வளவு பாடு? அடாப்டரைக் கழட்டிட்டு இசட் 40எம்எம் எஃப்/2 போட்டா 620 கிராம், போகஸும் உண்டு. கேமராவோட கிட்ல சேர்ந்து வர்ற 16-50 லென்ஸ் வெறும் 135 கிராம், மொத்தம் 585. டி7200-ல 18-140 போட்டா 1255 வரும், அதுல பாதிக்கும் கீழ. மாறுறதுன்னா இப்படி மாறணும். (16-50 மடங்கி இருக்கும், ஜூம் வளையத்தைத் திருப்பித் திறந்தாத்தான் படம் விழும். அடுத்த அவசர இழைக்கு இப்பவே பதில்.)

கோவை_ஷட்டர்:
கணக்கு சரிதானுங்க, ஆனா 40எம்எம் 50-க்கு ஈடாகாது. இந்தச் சின்னச் சென்சார்ல காட்சி 1.5 மடங்கு நெருங்கித் தெரியும், 50 போட்டா 75 மாதிரி நிக்கும், முகத்துக்கு அம்சமா இருக்கும். 40 போட்டா 60 தான். அதே 50 வேணும்னா ஏஎஃப்-எஸ் 50எம்எம் எஃப்/1.8ஜி செகண்ட் ஹேண்ட்ல பாருங்க, 185 கிராம், இந்த அடாப்டர்லயே போகஸ் ஆகும்.

நிறைகுடம்:
விசேஷம் எடுக்கிறவர் எடையை மட்டும் பார்த்தா போதாது. டி7200-ல ரெண்டு கார்டு ஸ்லாட், இதுல ஒண்ணு. டி7200 ஒரு சார்ஜுக்கு சிஐபிஏ (கேமரா கம்பெனிகள் சங்கம்) கணக்குல 1110 படம், இசட்50 ஏறக்குறைய 300. பழைய இஎன்-இஎல்15 பேட்டரி இதுல நுழையாது, இதுக்கு இஎன்-இஎல்25.

எடைக்கணக்கு:
சிஐபிஏ கணக்குல பாதிப் படத்துக்கு ஃபிளாஷ் அடிச்சு, நடுநடுவே ஆன் ஆஃப் பண்ணிச் சோதிப்பாங்க. தொடர்ந்து எடுத்தா 300-ஐத் தாண்டி ஓடும். பவர் பேங்க்ல யுஎஸ்பி வழியா சார்ஜும் ஏத்தலாம்.

நிறைகுடம்:
கேமராவை ஆஃப் பண்ணி வச்சாத்தான் ஏறும். வளையல் அடுக்கும்போது "கொஞ்சம் பொறுங்க, சார்ஜ் ஏறுது"ன்னு சொல்லப்போறீங்களா? கூடவே ஒரு பேட்டரி வாங்கச் சொல்லுங்க.

குட்டிக்கேமரா:
பார்த்துட்டேன். டி-தான். வளையம் இருக்கு, திருகாணி வெட்டும் இருக்கு. ஏஎஃப்-எஸ் 35 1.8ஜி ஒண்ணு இருக்கு, அதைப் போட்டேன், பளிச்சுனு போகஸ் ஆகுது. அடாப்டரைத் திருப்பிக் கொடுக்கல. எல்லாருக்கும் நன்றி. மெனுவுல சத்தமே இல்லாம எடுக்கிற மோட் ஒண்ணு இருக்கு, மண்டபத்துக்கு அதுதான் போடப்போறேன்.

கோவை_ஷட்டர்:
அதை மட்டும் போட்டுடாதீங்க! சைலன்ட் மோட்ல சென்சார் மேலிருந்து கீழ வரிவரியாத்தான் படிக்கும். மண்டபத்து எல்இடி விளக்கு மினுக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் சேர்ந்தா படம் முழுக்கக் குறுக்கே இருட்டுப் பட்டை விழும். சாதா ஷட்டர்லயே எடுங்க, ஃபிளிக்கர் ரிடக்‌ஷன் ஆன் பண்ணுங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல வைங்க. சைலன்ட்ல ஃபிளாஷும் அடிக்காது.

பொன்னேரி_கிளிக்:
வெளி ஃபிளாஷை டிரிக்கர் வச்சு மேனுவல்ல அடிக்கிறதா இருந்தா இன்னொண்ணு. எக்ஸ்போஷரைக் குறைச்ச உடனே வியூஃபைண்டர் இருட்டாயிடும், கேமரா போச்சுன்னு பதறாதீங்க. "அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ"-வை ஆஃப் பண்ணா வெளிச்சமாத் தெரியும். சிங்க் வேகம் (ஃபிளாஷோட ஒத்துப்போற ஷட்டர் வேகம்) இசட்50-ல 1/200 வரைக்கும்தான், டி7200-ல பழகின 1/250-க்குப் போகாதீங்க.

லென்ஸ்துடைப்பான்:
திங்கட்கிழமை ஆச்சு. வளைகாப்பு படம் எப்படி வந்துச்சு ப்ரோ? பட்டை விழுந்துச்சா?

குட்டிக்கேமரா:
டி7200-லயே எடுத்துட்டேன்.