மும்முனைக் கம்ப்ரசரை ஒருமுனை மின்சாரத்தில் ஓட்டிய அனுபவங்கள்

பட்டறைக்காகப் பழைய கம்ப்ரசர் ஒன்று வாங்கினேன். 3 ஹெச்.பி., 200 லிட்டர் டேங்க், இரண்டு சிலிண்டர் ஹெட். எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தது. மோட்டார் மட்டும் மும்முனை; பட்டறையில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். என் மோட்டாரில் ஆறு ஸ்டட். மேல் வரிசை மூன்றையும் பித்தளைப் பட்டைகள் கிடையாகச் சேர்த்திருந்தன. அது ஸ்டார் இணைப்பு (மூன்று காயிலின் ஒரு முனைகள் ஓரிடத்தில் சேர்வது), 400 வோல்ட்டுக்கானது. நேம் பிளேட்டில் 230/400 என்று இருந்ததால் பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று ஜோடியாகப் போட்டு, காயில்கள் முக்கோணமாகச் சேரும் டெல்டாவாக, அதாவது 230 வோல்ட்டுக்கு, மாற்ற முடிந்தது. மாற்றாமல் 230 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு காயிலுக்கும் 133 வோல்ட்தான் போய்ச் சேரும். இழுவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

செலவில்லாத வழி என்று முதலில் மூன்றாவது முனையை உண்டாக்கக் கெப்பாசிட்டர் போட்டுப் பார்த்தேன். 230 வோல்ட் டெல்டாவில் கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் என்பது வழக்கமான கணக்கு, 2.2 கிலோவாட்டுக்கு 150 போட்டேன். டேங்க் காலியாக இருந்தபோது ஓடிவிட்டது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. காற்று நிரம்பி நின்று, பிரஷர் இறங்கி மறுபடி எடுக்க வேண்டிய நேரத்தில் பெல்ட் ஒரு விரற்கடை நகர்ந்தது, அவ்வளவுதான். மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது. ஓடிச்சென்று எம்.சி.பி.யை இறக்குவதற்குள் காயில் வார்னிஷ் கருகும் வாசனை வந்துவிட்டது. இந்த முறையில் கிளம்பும் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கிடைக்கும். ஓடும்போதும் முழுத்திறனில் 70 சதவீதம் வரைதான். ஃபேனுக்கு அது போதும். எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டிய கம்ப்ரசருக்குப் போதாது.

பிறகு 2.2 கிலோவாட் வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்கினேன். ஒருமுனை 230 உள்ளே, மும்முனை 230 வெளியே. மோட்டார் எடுப்பது எட்டரை ஆம்பியர் என்றாலும் வி.எஃப்.டி.யின் உள்பக்கம் 20 ஆம்பியருக்கு மேல் போகும். அதனால் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. போடச் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்தே செய்தேன். மும்முனை உள்ளீட்டுக்கான வி.எஃப்.டி.தான் கையில் இருக்கிறது என்றால், மோட்டாரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அளவுள்ளதாக இருக்க வேண்டும். ஒருமுனையில் டையோடுகளுக்கும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் சுமை கூடுகிறது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். டேங்க் பிரஷரைப் பொறுத்து மோட்டாரை நிறுத்தி எடுக்கும் பிரஷர் சுவிட்ச் பழையபடியே மோட்டார் வயரில், அதாவது வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்தது. 8 பாரில் சுவிட்ச் பிரித்தது, வி.எஃப்.டி.க்கு அது தெரியாது, 50 ஹெர்ட்ஸில் நின்றுகொண்டே இருந்தது. 6 பாரில் சுவிட்ச் சேர்ந்ததும், நின்றுகிடந்த மோட்டார் மேல் முழு அலைவரிசையும் ஒரே அடியாக விழுந்தது. ஓவர்கரண்ட் என்று காட்டி நின்றுவிட்டது. வி.எஃப்.டி. பிழைத்தது என் நல்ல நேரம். சரியான முறை இதுதான்: மோட்டார் நேராக வி.எஃப்.டி.யில் சேர வேண்டும், நடுவில் எந்தச் சுவிட்ச்சும் கூடாது. பிரஷர் சுவிட்ச்சின் காண்டாக்டை வி.எஃப்.டி.யின் ‘ரன்’ டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். அப்போது ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து மெதுவாகக் கிளம்பும். நான் ஏறும் நேரம் 4 விநாடி வைத்திருக்கிறேன். நிற்கும்போது தானாகச் சுழன்று நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படியும் சில நாள் கிளம்ப முரண்டு பிடித்தது. காரணம் மின்சாரத்தில் இல்லை. கம்ப்ரசர் நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கத்தில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, அது ஹெட்டிலும் பைப்பிலும் மாட்டிய காற்றை அன்லோடர் வெளியேற்றுவது. சில விநாடியில் அடங்க வேண்டும். என்னுடையது அடங்கவே இல்லை. டேங்க் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்க டேங்க் வாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றினேன். அடைக்கும் வட்டின் ஓரத்தில் கடுகளவு கரித்துண்டு. டேங்க் காற்று அதன் வழியே திரும்பி வந்து பிஸ்டன் மேல் உட்கார்ந்திருக்கிறது. துடைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. (டேங்க்கை முழுக்கக் காலி செய்யாமல் அந்த வால்வைத் தொடாதீர்கள்.)

வேகத்தை 42 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். சத்தம் குறைவு. அதற்கும் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஹெட்டில் கிராங்க் எண்ணெயை அடித்துத் தெறிக்க வைத்துத்தான் மசகு போகிறது; வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும்.

*

(வாசகர் ஒருவரின் பின்னூட்டம்) நல்ல பதிவு, நன்றி. எனக்கு இந்த வழி கிடைக்கவில்லை. என் மோட்டார் 4 கிலோவாட், நேம் பிளேட்டில் 400/690. டெல்டாவிலேயே 400 வேண்டும் என்பதால் 230 கொடுக்கும் வி.எஃப்.டி. பயன்படாது. மோட்டாரையே மாற்றி 3 கிலோவாட் ஒருமுனை மோட்டார் போட்டேன். அதே புல்லியை மாட்டினால் சுமை தாங்காது என்று 160 மி.மீ. புல்லியை எடுத்துவிட்டு 120 போட்டேன். ஹெட் கால் பங்கு மெதுவாகச் சுற்றுகிறது, காற்றும் கால் பங்கு குறைவு. ஸ்ப்ரே கன்னுக்கு நடுநடுவே காத்திருக்க வேண்டும், மற்ற வேலைக்குக் குறையே இல்லை. புல்லி வாங்கும் முன் புது மோட்டாரின் ஷாஃப்ட் விட்டத்தையும், புல்லியை ஷாஃப்டில் பூட்டும் சாவியின் அளவையும் அளந்துகொள்ளுங்கள். அடிக்கடி ஆன்-ஆஃப் ஆனால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் தாங்காது. ஒன்று வெடித்தே போனது. இப்போது 5 பாரில் எடுத்து 8 பாரில் நிற்கும்படி இடைவெளியை அகலமாக்கிவிட்டேன்.

*

(இன்னொரு வாசகர்) நான் ரோட்டரி கன்வெர்ட்டர், அதாவது சுற்றும் மோட்டார் ஒன்றைக் கொண்டு மூன்றாவது முனையை உண்டாக்கும் அமைப்பு, வைத்திருக்கிறேன். 1.5 கிலோவாட் கம்ப்ரசர், துணைக்குச் சும்மா சுற்றும் மோட்டார் 2.2. அதை முதலில் ஓடவிட்டு, வேகம் பிடித்ததும்தான் கம்ப்ரசரைப் போட வேண்டும். லேத்தும் இதிலேயே ஓடுவதால் எனக்கு இது வசதி. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். கம்ப்ரசர் ஸ்டார்டரின் காயிலுக்கு, கன்வெர்ட்டர் உண்டாக்கும் மூன்றாவது முனையிலிருந்து எடுத்திருந்தேன். சுமை ஏறும்போது அந்த முனையில் வோல்ட்டேஜ் சரியும். ஸ்டார்டரில் அந்தக் காயில் இழுக்கும் சுவிட்ச்சான காண்டாக்டர் படபடவென்று அடித்துக்கொண்டு அதன் தொடுமுனைகள் கருகிவிட்டன. சப்ளையிலிருந்து நேராக வரும் இரண்டு வயர்களிலிருந்து காயிலுக்கு எடுத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.