இன்ஸ்டாவில் சேலை விற்பனை: முதல் போஸ்டுக்கு முன்னால் (மூன்று விற்பனையாளர்கள் பேசிக்கொண்டது)

சுங்குடி விற்பனை, சின்னாளப்பட்டி
பேஜ் திறந்த அன்றே ரீல் போடத்தான் எல்லோருக்கும் அவசரம். முதலில் வாட்ஸ்அப் பிசினஸை முடித்து வையுங்கள். பார்ப்பது இன்ஸ்டாவில் என்றாலும் பேரம் முடிவது அங்கேதான். தனி சிம் போடுங்கள். சாதா வாட்ஸ்அப்பும் பிசினஸ் ஆப்பும் ஒரே போனில் வேறு வேறு நம்பரில் ஓடும். கேட்லாக்கில் ஒவ்வொரு சேலைக்கும் கோட் நம்பர், விலை, நீளம், பிளவுஸ் உண்டா இல்லையா. கோட் இல்லாவிட்டால் "அந்தப் பச்சை இருக்கா?" என்று வரும் கேள்விக்கு எந்தப் பச்சை என்று தேடுவதற்குள் ஆள் வேறு பேஜுக்குப் போயிருப்பார். கூரியர் கட்டணம், பணம் அனுப்பும் விவரம், சாயம் போகுமா, ரிட்டர்ன் விதி இந்த நாலுக்கும் பதிலை முன்கூட்டியே குவிக் ரிப்ளையில் எழுதி வைத்துவிட்டால், '/' தட்டி வேண்டியதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடலாம்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்யாதவருக்கு அந்த மெசேஜ் போய்ச் சேராது. பார்சலுக்குள் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று ஒரு சீட்டு வைப்பது இதற்காகத்தான்.

கைத்தறி, பரமக்குடி
"போட்டோல வேற கலரா இருந்துச்சே" என்று திரும்பி வரும் பார்சல்தான் லாபத்தைத் தின்னும். ஃபிரேம் முழுக்க ஒரே அரக்குச் சிவப்பாக இருந்தால் போன் கேமரா அதைத் தானே சரிசெய்யப் பார்த்து நிறத்தை மங்கடித்துவிடும். வெள்ளைச் சுவரோ வெள்ளை வேட்டியோ ஓரத்தில் தெரிகிற மாதிரி விரியுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத திண்ணையில் காலை வெளிச்சத்தில் எடுங்கள். ஃபில்டர் கூடவே கூடாது.

கத்திரிப்பூ நிறம் பல போன்களில் நீலமாகத்தான் விழும். "நேரில் கொஞ்சம் சிவப்போட்டம் இருக்கும்" என்று கேப்ஷனிலேயே எழுதிவிடுங்கள். மயில்கழுத்து நிறத்துக்கு போட்டோ போதாது. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். துணி அசையும்போதுதான் இரண்டும் தெரியும். முந்தியைக் கையில் பிடித்து மடித்து விரிக்கிற பத்து விநாடி வீடியோ போதும்.

ஆன்லைன் சேலை, ஈரோடு
விலையைக் கேப்ஷனில் போடுங்கள். "விலைக்கு டிஎம்", அதாவது தனி மெசேஜில் கேளுங்கள் என்றால் பாதிப் பேர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள்.

சுங்குடி விற்பனை, சின்னாளப்பட்டி
ரீசெல்லர், அதாவது நம்மிடம் எடுத்து மேல் விலைக்கு விற்பவர்களை வைத்து விற்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. நீங்கள் 850 என்று வெளியில் போட்டால் அவர் எப்படி 1,000 சொல்வார்? அவர்களுக்குத் தனி குரூப், விலையும் லோகோவும் இல்லாத போட்டோ. பொதுப் பேஜில் சில்லறை விலை மட்டும்.

ஆன்லைன் சேலை, ஈரோடு
சரிதான், அப்படிப் பிரித்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

பணம் விஷயத்தில் உஷார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பணம் வந்ததாக அர்த்தமில்லை. ஜிபே மாதிரியே காட்டுகிற போலி ஆப் இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸையும் நம்பாமல் பேங்க் ஆப்பில் வரவைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள். "ராணுவத்தில் இருக்கேன், 20 சேலை வேணும்" என்று ஆரம்பித்து, அட்வான்ஸ் போட க்யூஆர் கோட் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகப்போகிறது. "காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும்" என்று டிஎம்மில் லிங்க் வந்தாலும் தொடாதீர்கள், பாஸ்வேர்டுக்கான தூண்டில் அது. பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கிற டூ ஃபாக்டரை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கைத்தறி, பரமக்குடி
விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி தனி, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுபடுமா என்று தெரியாத போஸ்டைக் காசு கட்டி பூஸ்ட் பண்ணாமல், ஏற்கெனவே நிறையப் பேர் சேவ் செய்த, விலை கேட்ட ரீலுக்குப் போடுங்கள். அந்தச் சேலை ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.