ஏசி யூனிட்டுக்குப் பின்னால் கூகைக் கூடு: விழுந்த குஞ்சை என்ன செய்வது?

கேள்வி: வெண்தூவி மூடிய கூகைக் குஞ்சு ஒன்று தரையில் கிடக்கிறது. காக்கைகள் வட்டமிடுகின்றன. கிட்டே போனால் சீறுகிறது. பால் கொடுக்கலாமா?

பதில் 1: பால், ரொட்டி, சோறு எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கனமான துண்டைப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். அலகைவிட நகம்தான் ஆபத்து. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து இருட்டில் வையுங்கள். கம்பிக்கூண்டு கூடவே கூடாது, இறகு முறியும். சீறுவது அதன் இயல்பான தற்காப்பு, நோயல்ல.

பதில் 2: இறக்கை தொங்காமல், ரத்தம் இல்லாமல் இருந்தால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டதைத் தாய் ஒதுக்கும் என்பது பொய். ஆனால் தரையில் கிடக்கும் குஞ்சுக்குக் கூகை பெரும்பாலும் இரை ஊட்டாது. அதனால் மரத்தடியில் விட்டுவிட்டு வருவது பட்டினி போடுவதுதான். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்திமுனைபோல் துருத்தியிருந்தால் ஏற்கெனவே பட்டினி. முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடுவதால் கடைக்குட்டி சிறுத்துப்போய் இரையில் பங்கு கிடைக்காமல் மெலியும். அப்படியானால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பதில் 3: குடியிருப்பில் எலிமருந்து வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். தள்ளாடும் அந்த எலிதான் கூகையிடம் எளிதில் சிக்கும். எலிப்பொறி போதும்.