ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிஞ்ச காரைப் புகை டெஸ்ட்டுக்கு ஓட்டிக்கிட்டே போகலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

பழைய 800

வேறொரு இழையில் 'கொங்கு மெக்கானிக்' எழுதினதைப் படிச்சதிலிருந்து ஆத்திரம் தாங்கலை. அதனாலதான் தனியா ஆரம்பிக்கிறேன். ஒருத்தர் 2007 மாடல் சான்ட்ரோ வாங்கப் போறார். ஆர்.சி. 2022-லயே முடிஞ்சுபோன வண்டி. என்ன பண்ணணும்னு கேட்டார். அதுக்கு நம்ம மெக்கானிக் சொன்ன பதில் இது: "வாங்கிட்டு நேரா பொல்யூஷன் சென்டருக்கு ஓட்டிட்டுப் போங்க. அங்கிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டப் போறேன்னு சொன்னா வழியில யாரும் கேக்க மாட்டாங்க. சட்டமே அதுக்கு எடங்குடுக்குது."

எந்தச் சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39: பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்துல ஓட்டக் கூடாது, ஓட்ட விடவும் கூடாது. 41(7): சொந்த வண்டியோட ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிரிவு 192: முதல் தடவை 5000 ரூபாய் வரைக்கும் அபராதம், மறுபடி மாட்டினா 10,000 வரைக்கும், இல்லேன்னா ஜெயில். பிரிவு 207: போலீஸ் வண்டியையே பிடிச்சு வெச்சுக்கலாம். புகை டெஸ்ட்டுக்குப் போற வண்டிக்கு விலக்குன்னு இதுல எங்கே இருக்கு? பிரிவு எண்ணைச் சொல்லுங்க. இல்லைன்னா அந்தப் பதிலை எடுங்க. ரெக்கவரி வண்டியில ஏத்திக்கிட்டுப் போறதுதான் வழி.

கொங்கு மெக்கானிக்

அண்ணா, நீங்க சட்டப் புஸ்தகத்தைப் பார்த்துப் பேசறீங்க. நான் என்ஜினைப் பார்த்துப் பேசறேன். பெட்ரோல் பங்க் ஓரத்துல இருக்கற பொல்யூஷன் சென்டர்ல, ரெக்கவரி வண்டியில இருந்து எறக்கின கையோட சைலன்சர்ல புரோப் உட்டா ரீடிங் என்ன வருமுங்க? புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நல்லா சூடேறாம வேலையே செய்யாது. என்ஜின் ஜில்லுனு இருந்தா பெட்ரோலும் ஜாஸ்தியா உள்ளே போகும். 2007 சான்ட்ரோவுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம், அவ்வளவுதான் அளவு. நல்ல வண்டியே ஃபெயில் ஆயிரும். ஓட்டிட்டுப் போனா சூடாப் போய் நிக்கும், பாஸ் ஆகும். நான் சொன்னது தொழில் தெரிஞ்சு சொன்னது.

பழைய 800

நான் கேட்டது பிரிவு எண். நீங்க சொல்றது என்ஜின் சூடு. இது எனக்குப் பதிலே இல்லை.

சூடு வேணும்னா சென்டர் வாசல்ல இறக்கி, ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஆக்சிலரேட்டரை மிதிச்சுப் பிடிங்க, ரேடியேட்டர் ஃபேன் சுத்துற வரைக்கும் விடுங்க. என்ஜின் வழக்கமான சூட்டுக்கு வந்த பிறகுதான் அளக்கணும்னு சோதனை முறையிலேயே இருக்கு. ஜில்லுனு இருக்கும்போதே புரோப் விடுற ஆபரேட்டர்தான் தப்பு பண்றார். அதுக்காக வண்டியை ரோட்டுல விடுங்கன்னு ஊருக்கே யோசனை சொல்லுவீங்களா?

மாட்டுத்தாவணி

பழைய 800-க்கு இதே பொழப்பு. இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இழையிலயும் இப்படித்தான், நான் ஒண்ணு சொன்னா இவரு ஒரு சுற்றறிக்கையைத் தூக்கிட்டு வருவாரு. மெக்கானிக் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. வண்டியைக் கொண்டு வந்து காட்டுன்னு சொல்றதே ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கா வருவாரு? கொண்டு வரச் சொன்னவங்களே கொண்டு வந்ததுக்கு ஃபைன் போடுவாங்களா?

பழைய 800

கொண்டு வான்னாங்க. ஓட்டிக்கிட்டு வான்னு சொல்லலை. இ20-ல நீங்க என்ன சொன்னீங்கன்னு நினைவு இருக்கு. பழைய கார்ப்பரேட்டர் வண்டிக்கு அது ஒண்ணுமே செய்யாதுன்னீங்க. ரப்பர் ஹோஸ், டயஃப்ரம் எல்லாம் ஊறிப்போற கதையை நான் எழுதினதும் ஆளையே காணோம்.

மாட்டுத்தாவணி

நான் சொன்னது சாதா கார்ப்பரேட்டர் வண்டியில கார்பன் மோனாக்சைடு குறையும்னு. அது உண்மை. எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கு, கலவை லீன் ஆகும், அதாவது காத்துக்குப் பெட்ரோல் கம்மியாகும். புகை டெஸ்ட்டுக்கு அது நல்லதுதான். டயஃப்ரம் பத்தி நான் பேசவே இல்லை. திரிச்சுப் பேசாதீங்க.

வாங்கப்போறவன்

ஐயா, அந்த சான்ட்ரோக்காரன் நான்தான். இன்னும் அட்வான்ஸ் மட்டும்தான் குடுத்திருக்கேன். எது முதல்ல, எது அப்புறம்னு யாராவது வரிசையாச் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.

கொங்கு மெக்கானிக்

தம்பி, நான் சொன்ன மாதிரியே போங்க. காலங்காத்தால ரோட்டுல கூட்டம் இல்லாதப்ப கெளம்புங்க. போற வழியில ஏர் ஃபில்டர் மாத்திருங்க, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணிருங்க. வண்டி வருசக்கணக்கா நின்னிருந்தா டேங்க்ல கெடக்கற பழைய பெட்ரோலை எறக்கிட்டுப் புதுசு ஊத்துங்க. ஆக்சிஜன் சென்சார் செத்திருந்தா என்ன பண்ணினாலும் 0.5-க்குள்ள வராது, அதை முதல்ல பார்க்கச் சொல்லுங்க. சைலன்சர்ல ஓட்டை இருந்தாலும் ரீடிங் தப்பா வரும்.

பழைய 800

"காலங்காத்தால கூட்டம் இல்லாதப்ப." சட்டம் இடம் கொடுக்குதுன்னு சொன்னவர் எதுக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகச் சொல்றார்? எல்லாரும் இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

192-லயே விலக்கு இருக்கு, நானே எழுதறேன். நோயாளியை, காயம் பட்டவங்களை அவசரத்துக்கு ஏத்திக்கிட்டுப் போகலாம். கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு உணவுப் பொருள், மருந்து கொண்டு போகலாம். புகை டெஸ்ட் இதுல எதுலயும் சேராது.

திருச்சி தென்றல்

சான்ட்ரோ தம்பிக்கு இங்கே யாரும் பதில் சொல்ற மாதிரி தெரியலை, நான் சொல்றேன். முதல்ல விக்கிறவர்கிட்ட பேர் மாத்தற படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கிடுங்க, ஒரிஜினல் ஆர்.சி.யும் வாங்கிடுங்க. அப்புறம் இன்சூரன்ஸ். முன்னாடி புகைச் சான்று இல்லாம இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாதுன்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 ஜூலையில அந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க. அடுத்தது புகைச் சான்று. அப்புறம் ஆர்.சி. புதுப்பிக்க படிவம் 25, சேஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட், பசுமை வரி. ஃபீஸ் 2022 ஏப்ரல்ல இருந்து, 20 வருஷம் தாண்டாத காருக்கு 5000, முன்னாடி 600-தான் இருந்தது. லேட்டானதுக்கு மாசம் 500 கூடுதல்னு விதியில இருக்கு. உங்க வண்டி 2022-லயே முடிஞ்சதால இதுதான் பெரிய தொகையா வரும். விலை பேசும்போதே கழிச்சுக்கோங்க. புதுப்பிச்சா அஞ்சு வருஷத்துக்குக் குடுப்பாங்க.

எங்க அப்பா காலமானதும் அவர் காருக்கு இதே வேலையை, வாரிசு பேருக்கு மாத்தற படிவம் 31-ல ஆரம்பிச்சு நான்தான் செஞ்சேன். ரெக்கவரி வண்டியிலதான் கொண்டு போனேன். எந்தப் பிரச்சினையும் இல்லை. சூடு பண்ணித்தான் டெஸ்ட் எடுத்தாங்க, பாஸ் ஆச்சு.

கொங்கு மெக்கானிக்

அம்மிணி, காசு இருக்கறவங்க ரெக்கவரி வண்டி வெப்பாங்க. சான்ட்ரோ வாங்கறவன் அதுக்குக் குடுக்கற காசுல ரெண்டு டயர் மாத்துவான்.

திருச்சி தென்றல்

காசு இருக்கறவங்களா? அப்பா காலமான வருஷம் நாங்க எந்த நிலைமையில இருந்தோம்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தைப் பேசாதீங்க. ஓடுற வண்டியில குறை கண்டுபிடிங்க, மத்தவங்க வீட்டு வரவு செலவுல வேண்டாம்.

பழைய 800

நல்லாச் சொன்னீங்க தென்றல் மேடம். காசுன்னு வந்ததால இதையும் எழுதறேன், இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிசு. 2014-ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தற்காலிகப் பதிவு முடிஞ்ச வண்டி, விபத்து. இன்சூரன்ஸ் கட்டியிருந்தும் வண்டிச் சேதத்துக்கு நஷ்ட ஈடு கிடையாதுன்னு தீர்ப்பு. 2021-ல மறுபடியும் அதே மாதிரி, இந்தத் தடவை திருட்டுப்போன வண்டி, அதுக்கும் கிடையாதுன்னுட்டாங்க. பதிவு இல்லாம ஓட்டினதே பாலிசியோட அடிப்படையை மீறினதுன்னு சொன்னாங்க. காலங்காத்தால பொல்யூஷன் சென்டருக்குப் போற வழியில ஒரு சைக்கிள்காரர் மேல இடிச்சுட்டா யார் கட்டுவா? கொங்கு மெக்கானிக் கட்டுவாரா?

கொங்கு மெக்கானிக்

ரெண்டும் தற்காலிகப் பதிவு. நீங்களே எழுதியிருக்கீங்க. புது வண்டி வாங்கி நிரந்தரப் பதிவே பண்ணாம ஓட்டினவங்க. சான்ட்ரோ அப்படியா? 2007-ல பதிவு பண்ணின வண்டி. நம்பர் இருக்கு, ஆர்.சி. இருக்கு, தேதி மட்டும் தாண்டிருச்சு. எங்க வக்கீல் அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பிரிவு 39-ல சஸ்பெண்ட் ஆன ஆர்.சி., கேன்சல் ஆன ஆர்.சி.ன்னுதான் இருக்குதாம். தேதி முடிஞ்ச ஆர்.சி.ன்னு இல்லீங்களாம். இப்ப நீங்க காட்டுங்க பிரிவு எண்ணை.

பழைய 800

41(7). முதல் பதிவுலயே எழுதினேன், படிக்கவே இல்லை போல. 15 வருஷம்தான் செல்லும்னா, 16-ஆம் வருஷம் செல்லாது. இதுக்கு வக்கீல் வேண்டாம்.

கன்சல்டிங் வாசல்

ரெண்டு பேரும் எதுக்குங்க இவ்வளவு சண்டை. நாங்க பழைய வண்டி வாங்கி விக்கறவங்க. கன்சல்டிங்ல டிரேட் சர்டிபிகேட் இருக்கு. அந்த நம்பர் பிளேட்டை மாட்டிட்டு எஃப்.சி.க்குக் கொண்டு போயிடுவோம். சான்ட்ரோ சார் எங்ககிட்ட விட்டா பேப்பர் எல்லாம் கரண்ட் பண்ணிக் கையில குடுத்துடுவோம்.

பழைய 800

வந்துட்டார் அடுத்தவர். டிரேட் சர்டிபிகேட் இன்னும் பதிவே ஆகாத வண்டிக்கு. ஏற்கெனவே நம்பர் வாங்கின சான்ட்ரோவுல அந்த பிளேட்டை மாட்டினா, இருக்கற குத்தத்தோட இன்னொரு குத்தமும் சேரும். உங்க ஆட்கள் பண்ற வேலையெல்லாம் தெரியும். டெல்லியில 10 வருஷம் தாண்டின டீசல் வண்டியை ஓட்டக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. அந்த வண்டியெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கி இங்கே கொண்டு வந்து, படிவம் 28 தடையில்லாச் சான்று வந்துட்டே இருக்குன்னு சொல்லி விக்கறது யாரு? வாங்கினவன் ஒரு வருஷம் வெளிமாநில நம்பர்லயே ஓட்டி, அப்புறம் ஆர்.டி.ஓ. வாசல்ல நிக்கறான்.

கன்சல்டிங் வாசல்

எல்லாரையும் ஒரே மாதிரி பேசாதீங்க சார். நாங்க என்.ஓ.சி. கையில இல்லாம ஒரு வண்டியும் எடுத்தது கிடையாது. ஆயுள் வரி எவ்வளவு வரும்னு எழுதிக் காட்டிட்டுத்தான் விக்கறோம். உழைச்சுச் சாப்பிடறோம்.

மாட்டுத்தாவணி

டெல்லி டீசல் வாங்கின நானும் இங்கேதான் இருக்கேன். வண்டி தங்கம். நம்பர் மாத்தி, வரி கட்டி, டீசலுக்கு உண்டான புகை டெஸ்ட்டுல அளவுக்குள்ளதான் வந்துச்சு. பழைய 800-க்கு டீசலைக் கண்டாலே ஆகாது. பெட்ரோல் ஓட்டறவங்க எல்லாரும் உத்தமரா?

பழைய 800

டீசல் மேல எனக்குக் கோபம் இல்லை. மூச்சுத் திணறல் இருக்கற பேரன் வீட்டுல இருக்கான். முன்னாடி போற வண்டி கரும்புகை விட்டா கண்ணாடியை ஏத்தி விடறதைத் தவிர என்னால என்ன செய்ய முடியும்? அதனாலதான் இந்தச் சான்று விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். புகைச் சான்று இல்லேன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் வெச்சிருக்காங்க, அதுகூடப் போதாது. மெக்கானிக் ஐயா, சூடு, சைலன்சர் ஓட்டை, சென்சார்னு நீங்க எழுதினது எல்லாமே சரி. நான் அதை மறுக்கவே இல்லை. ரோட்டுல ஓட்டலாம்னு சட்டம் சொல்லுதுங்கறதுதான் பொய். அந்த ஒரு வரியை எடுங்க.

கொங்கு மெக்கானிக்

எடுக்க மாட்டேன். வண்டி வேலைக்கு வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் போறாங்க, சர்டிபிகேட்டோட திரும்பி வர்றாங்க. பேரனுக்குச் சீக்கிரம் குணமாகட்டுமுங்க, அது வேற. சரியா ட்யூன் பண்ணின வண்டி போறதாலதான் புகை குறையும். ட்யூன் பண்றவன் நான்.

பழைய 800

எல்லாரும் போறாங்கங்கறது பிரிவு எண் இல்லை.

திருச்சி தென்றல்

அந்த "காசு இருக்கறவங்க" வார்த்தைக்கு மெக்கானிக் இன்னும் ஒண்ணும் சொல்லலை. நான் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

மாட்டுத்தாவணி

மேடம், அவரு தப்பா ஒண்ணும் சொல்லலை. 800 ஏத்தி விட்டாரு, நீங்க பிடிச்சுக்கிட்டீங்க.

திருச்சி தென்றல்

என்னை யாரும் ஏத்தி விட வேண்டியதில்லை. நான் படிச்சுத்தான் எழுதினேன்.

வாங்கப்போறவன்

ஐயா, இன்னொரு சந்தேகம். ஆர்.சி.யில ஒரு பேங்க் பேரு இருக்கு. கடன் எப்பவோ முடிஞ்சதுன்னு விக்கறவர் சொல்றார், ஆனா பேங்க் குடுத்த தாளைத் தொலைச்சுட்டாராம். கடன் முடிஞ்சதைக் காட்டற படிவம் 35 இல்லாமப் பேர் மாத்த முடியுமா?

பழைய 800

கன்சல்டிங் வாசல், உங்க டிரேட் சர்டிபிகேட் கதைக்கு இன்னும் பதில் வரலை. எந்த விதியை வெச்சு அந்த பிளேட்டைப் பழைய வண்டிக்கு மாட்டறீங்க?

கன்சல்டிங் வாசல்

சார், நீங்க முதல்ல எங்க தொழிலைப் பத்திச் சொன்னதைத் திரும்ப வாங்குங்க. அப்புறம் பேசறேன்.