கண்டென்சர் என்னும் ஒரே பெயரில் இரண்டு உறுப்புகள்: ஆவியொடுக்கி, மின்தேக்கி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு ஏசி பழுதுபார்ப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'கண்டென்சர்' என்ற பதிவுக்கு எதிரே 'ஒடுக்கி', 'குளிர்விப்பான்', 'மின்தேக்கி' ஆகிய மூன்று சொற்களும் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்று வாக்கெடுப்பதற்கு முன், தமிழ்நாட்டில் மெக்கானிக் ஒருவர் 'கண்டென்சர் போயிடுச்சு' என்று சொல்லும்போது அவர் இருவேறு உறுப்புகளுள் ஒன்றைக் குறிக்கலாம் என்பதைக் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். நமக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். அவை ஒன்றோடொன்று குழம்பாதவையாகவும் இருக்க வேண்டும்.

முதலாவது உறுப்பு, வெளிச்சுவரில் மாட்டிய பெட்டியின் பின்புறத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் காயில். மெல்லிய அலுமினியத் தகடுகளினூடே வளைந்து வளைந்து செல்லும் குழாய்தான் அது. அறையின் வெப்பத்தை ஏற்று ஆவியான குளிர்பொருளைக் கம்பிரசர் அழுத்தி இங்கே அனுப்புகிறது. அது வெளிக்காற்றிடம் வெப்பத்தை இழந்து மீண்டும் திரவமாகிறது. இரண்டாவது, அதே பெட்டிக்குள் மின் இணைப்புகள் இருக்கும் மூலையில் பட்டை போட்டு இறுக்கிய உருளை வடிவ அலுமினிய டப்பா. கம்பிரசர் மோட்டார் கிளம்பவும் சீராக ஓடவும் அது துணைசெய்கிறது. சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் (மின்னூட்டக் கொள்ளளவின் அலகு) டப்பாவை எலெக்ட்ரீஷியன்கள் நெடுங்காலமாகக் கண்டென்சர் என்றே அழைத்துவருவதால், ஏசியிலும் அப்பெயர் அதனுடன் வந்து சேர்ந்தது. இதைப் பட்டறைக்காரர்களின் பிழை என்று கருதுவது நியாயமன்று. 1782இல் இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா மின்னூட்டம் தொடர்பான தம் கருவிக்குச் சூட்டிய பெயரின் வழியில் ஆங்கிலத்திலும் இதற்குக் கண்டென்சர் என்ற பெயரே பல காலம் வழங்கியது. ஆங்கிலம் பிற்பாடு கெப்பாசிட்டர் என்று மாற்றிக்கொண்டது. நம் பட்டறைகளில் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் குழப்பத்தின் விலையை வீட்டுக்காரர்தான் கொடுக்கிறார். டப்பாவை மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய் போதும். காயிலை மாற்றுவதென்றால் குளிர்பொருளை வெளியேற்றி, குழாய்களைப் பற்றவைத்து இணைத்து, மீண்டும் நிரப்ப வேண்டியிருப்பதால் பல ஆயிரம் ஆகும். கண்டென்சர் பழுது என்று தொலைபேசியில் கேட்டவர், எதற்குப் பணம் கொடுக்கப்போகிறார் என்று தெரியாமலேயே சம்மதித்துவிடுகிறார். எங்கள் வீட்டிலும் இது நேர்ந்ததால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

இவ்விரண்டின் பழுதுகளும் வெளியே காட்டும் குறிகள் நன்றாகவே வேறுபடுகின்றன. காலையில் ஓரளவு குளிர்ந்த அறை நண்பகலுக்குமேல் குளிராமல், வெளிப்பெட்டியின் விசிறி சுழன்றுகொண்டே இருக்கையில் கம்பிரசர் மட்டும் சூடேறி நின்று, சற்று நேரம் கழித்துத் தானாகவே மீண்டும் கிளம்பினால், காயிலின் தகடுகளில் தூசி அடைத்திருக்க வாய்ப்புண்டு. வெளியே 40 டிகிரி வெயில் இருக்கும்போது காயில் அதைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். காற்றோட்டம் தடைப்பட்டால் அழுத்தமும் சூடும் ஏறிக்கொண்டே போகும், பாதுகாப்புச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதற்கு மாறாக, காலையோ நண்பகலோ எந்நேரமும் ஒரே நிலையாக இருந்து, கம்பிரசர் சில விநாடிகள் 'ம்ம்' என்று உறுமிவிட்டு 'டக்' என்ற ஒலியுடன் அடங்கிப்போனால், முதலில் ஐயப்பட வேண்டியது டப்பாவை. அதன் தலைப்பகுதி உப்பியிருந்தால் ஐயமே தேவையில்லை. உப்பாவிட்டாலும் கொள்ளளவு குறைந்திருக்கலாம்: 50 மைக்ரோஃபாரட், கூடக்குறைய 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் மீட்டரில் 47.5க்குக் குறையக் கூடாது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். டப்பாவுக்கு 'மின்தேக்கி' இருக்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தேங்கியிருந்து, தொட்டால் தாக்கும் என்பதால், எச்சரிக்கையையும் தன்னுள்ளேயே கொண்டிருக்கும் அருமையான சொல் அது. வகை பிரிக்க வேண்டிய இடத்தில் 'தொடக்க மின்தேக்கி', 'இயக்க மின்தேக்கி' என்று எழுதலாம். 'ஓட்ட மின்தேக்கி' என்ற பரிந்துரை மின்னோட்டத்தை நினைவூட்டுவதால் எனக்கு உடன்பாடில்லை. இன்வெர்ட்டர் ஏசிகளின் கம்பிரசருக்கு இந்த டப்பா கிடையாது, அங்கே மின்தேக்கிகள் மின்சுற்றுப் பலகையிலேயே அமைந்திருக்கின்றன என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிட வேண்டும்.

சிக்கல் காயிலுக்கான சொல்லில்தான். 'குளிர்விப்பான்' வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நீராவியைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் ஆய்வகக் கண்ணாடிக் குழாய்க்கு அது பொருந்தும். ஏசியிலோ அனல் வீசும் பகுதிக்கே அப்பெயர் போய்ச் சேரும். 'குளிர்விப்பானைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும்' என்று கையேட்டில் படிப்பவர் அறைக்குள் இருக்கும் பெட்டியைத் திறந்து அதன் மின்பலகையை நனைத்துவிடக்கூடும்.

'ஒடுக்கி' வலுவான சொல். இலங்கைப் பாடநூல் மரபில் ஆவி திரவமாவது ஒடுங்கல் என்றே வழங்குவதால் அங்குள்ளோருக்கு இது உடனே விளங்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வேதிவினைக்கு ஒடுக்கம் என்று பெயர்; ஒடுக்கி என்றதும் இங்கே படித்தவருக்கு நினைவுக்கு வருவது அதுதான். எனவே எது ஒடுங்குகிறது என்பதையும் சேர்த்து 'ஆவியொடுக்கி' என்று வைத்துக்கொள்ளலாம் என முன்மொழிகிறேன். அறைக்குள் இருக்கும் காயிலுக்கு 'ஆவியாக்கி' என்று முன்பே ஏற்றுக்கொண்டோம். உள்ளே ஆவியாக்கி, வெளியே ஆவியொடுக்கி என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது, குளிர்பொருள் ஒரு மூடிய சுற்றில் போய்த் திரும்புகிறது என்பதும் படிப்பவர் மனத்தில் பதிகிறது. அது எரிந்து தீரும் பொருளன்று, குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு உண்டு என்று அடுத்த பத்தியில் விளக்குவதற்கும் இது அடித்தளமாகும்.

இரண்டும் 'ஆவி' என்றே தொடங்குவதால் காதுக்குக் குழப்பம் தராதா என்ற தடை எழலாம். அதற்காக 'திரவமாக்கி' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். தெளிவான சொல்தான், ஆயினும் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலைகளை அது நினைவூட்டுகிறது, ஆவி ஒடுங்கல் என்ற இயற்பியல் சொல்லோடும் உறவற்றுப் போகிறது. ஆகவே ஆவியொடுக்கியே என் தேர்வு. கம்பிரசரை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம்; அச்சொல்லால் எவரும் ஏமாறுவதில்லை.

பட்டியலில் ஆவியொடுக்கி, மின்தேக்கி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக்கி, முன்னதன் கீழ் 'பட்டறை வழக்கு: கண்டென்சர் காயில்' என்றும் பின்னதன் கீழ் 'பட்டறை வழக்கு: கண்டென்சர், கெப்பாசிட்டர்' என்றும் குறிக்க வேண்டுகிறேன். மெக்கானிக்கிடம் பேசுபவருக்கு அந்தப் பெயர்களும் தேவைப்படும். கொள்ளளவி என்று பயின்ற இலங்கை நண்பர்களுக்காக அதையும் மின்தேக்கியின் இணைச்சொல்லாகச் சேர்க்கலாமா என்பதை அவர்களே தெரிவித்தால் நன்று.